டென்ஷன் இல்லாத வாழ்க்கையாம்!

போன மாசம் நாங்க ஆறு பேர் ராமேஸ்வரம் தீவுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வந்தோம். அதைப் பத்தி எழுதச் சொல்லி வகுப்புல ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. எழுதறேன். ஆனா "விடியக்காலை எழுந்தோம், சூரிய உதயம் சூப்பர், பரோட்டா சுமார்" ரகம் இல்லை இது. சண்டை போடத்தான் எழுதறேன். யாரோடன்னா, கூட வந்த நண்பன் ஒருத்தனோட. அவன் போட்ட ஒரு படத்துக்குக் கீழே இருக்கிற ரெண்டு வரியோட. அதுக்கு லைக் போட்ட உங்க எல்லாரோடவும். (முதல் லைக் போட்ட பெருமை எனக்குத்தான். அதை ஒத்துக்கிட்டே ஆரம்பிக்கிறேன்.)

படத்துல ஒரு அம்மா. சேலைக்கு மேல ஆம்பிளைச் சட்டை. பத்து விரல்லயும் துணிக்கிழிசல் சுத்தியிருக்கு. தோள்ல ஒரு வலைப் பை. பின்னாடி கடல், பளபளன்னு. கீழே நம்மாளு எழுதினது: "டென்ஷன் இல்லாத வாழ்க்கை. நிஜமான பணக்காரங்க இவங்கதான்."

இந்த ரெண்டு வரியை வச்சுத்தான் மொத்தப் பஞ்சாயத்தும்.

முதல்ல நாங்க யாருன்னு சொல்லிடறேன். அரும்பாவூர்க்காரனுக்குக் கடல்னா காலண்டர்ல பார்க்கிறது. பச்சைமலை அடிவாரம், ஏரி, மரச்சிற்பப் பட்டறை, சின்ன வெங்காயம், மக்காச்சோளம். இதுதான் எங்க உலகம். இத்தனைக்கும் எங்க பக்கமே ஒரு காலத்துல கடலாத்தான் கிடந்துச்சு. நம்பாதவங்க சாத்தனூர் போய் அந்தக் கல்மரத்தைப் பாருங்க. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடி மண்ணுல புதைஞ்சு கல்லாப் போன மரம், 18 மீட்டர் நீளம். காரை பக்கத்து ஓடைகள்ல கடல் பிராணிகளோட ஓடு கல்லாக் கிடக்கு. அரியலூர் சிமெண்ட் ஆலைங்களுக்குப் போற சுண்ணாம்புக்கல் எல்லாம் அந்தப் பழைய கடலோட மிச்சம்தான். இதை ஏன் இங்க சொல்றேன்னு கேக்காதீங்க, சுண்ணாம்பு திரும்ப வரும்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பஸ் பிடிச்சு திருச்சி, அங்கிருந்து ராமேஸ்வரம் ரயில். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாம்பன் பாலத்து மேல ரயில் போறப்ப ஆறு பேரும் ஜன்னல்ல தொங்கினோம். பக்கத்துல 1914இல் கட்டின பழைய பாலம் ஓய்வு வாங்கின வாத்தியார் மாதிரி சும்மா நின்னுட்டிருந்துச்சு. பாம்பன்ல ஒரு ரூம். ராத்திரி கரையில உக்காந்து மீன் வறுவல், பாட்டு, எதிர்காலத்தைப் பத்திய வழக்கமான புலம்பல். சி.ஏ. படிக்கலாமா, வங்கித் தேர்வு எழுதலாமா. அப்பத்தான் நம்ம நண்பன் முதல் தடவையா அந்த வசனத்தை விட்டான்: "பேசாம இங்கயே ஒரு வள்ளம் வாங்கிட்டு செட்டில் ஆயிடலாம்டா. என்ன டென்ஷன்?"

விடியக்காலை கரையோரமா நடந்தோம். நீர் வத்துற நேரம் பார்த்துக் கிளம்பறதுக்காக பத்துப் பன்னிரண்டு பெண்கள் உக்காந்து விரல்ல துணி சுத்திக்கிட்டிருந்தாங்க. வயசு முப்பதுல இருந்து அறுபது வரைக்கும். பாசி எடுக்கப் போறவங்க. முட்டியளவு, கழுத்தளவு தண்ணியில நின்னும், மூச்சை அடக்கி முங்கியும், பாறையில ஒட்டியிருக்கிற பாசியைக் கையால பறிக்கிற வேலை. கருவின்னா ஒரு நீச்சல் கண்ணாடி, காலுக்குப் பழைய ரப்பர் செருப்பு. ஆக்சிஜன் குழாயெல்லாம் தொலைக்காட்சியில பார்த்ததோட சரி.

"விரல்ல ஏன்க்கா துணி?"

"பாறை கிழிச்சுப்புடும்ல தம்பி."

"கிழிச்சா?"

"ரத்தம் வரும். உப்புத்தண்ணி பட்டா தானா நின்னுரும்." சொல்லிட்டு சிரிச்சாங்க. பக்கத்துல இருந்த அக்கா, "தண்ணிக்குள்ள சொறி இருக்கும், அதுக்கு இந்தச் சட்டை"ன்னாங்க. சொறின்னா ஜெல்லி மீன். பட்ட இடம் தீப்பட்ட மாதிரி தடிச்சுக்குமாம்.

நண்பன் போனை எடுத்தான். "அக்கா, ஒரு போட்டோ?"

அவங்க மறுக்கல. "எடுத்துக்க தம்பி. எங்கயும் போட்ராத. அப்புறம் எங்களுக்குத்தான் வம்பு."

அவன் தலையை ஆட்டினான். ராமநாதபுரம் ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள போட்டுட்டான். இடத்தோட பேரையும் சேர்த்து.

என்ன வம்புன்னு அப்ப அவனுக்கும் புரியல, எனக்கும் புரியல. ஊருக்கு வந்து ரெண்டு வாரம் படிச்சேன். அதைத்தான் உங்க தலையில இப்ப கட்டப் போறேன்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கு. மண்டபம் பக்கம் 7, கீழக்கரை பக்கம் 7, வேம்பார் பக்கம் 3, தூத்துக்குடி பக்கம் 4. குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவுன்னு அழகழகான பேரு. 1986இல் இந்தத் தீவுகளையும் சுத்தியிருக்கிற ஆழமில்லாக் கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. எல்லை எதுன்னா, தீவுக்குக் கரைப்பக்கம் மூணரை பாகம் ஆழம் வரைக்கும், கடல்பக்கம் அஞ்சு பாகம் வரைக்கும். தண்ணிக்குள்ள வேலி போட முடியாது இல்லையா. அதனால பாசி எடுக்கிற ஒரு அம்மா முங்கி எழற இடைவெளியில பூங்காவுக்கு உள்ளேயும் வெளியேயும் போயிட்டு வரலாம். உள்ளே இருந்தா 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளியே இருந்தா தொழில்.

பாசி அதிகமா வளர்றது எங்கன்னா, ஆழமில்லாத, வெயில் அடி வரைக்கும் இறங்கற, பாறை இருக்கிற இடத்துல. அதாவது தீவைச் சுத்தி. அதாவது பூங்காவுக்குள்ள. இந்த அறிவிப்புக்கு முன்னாடியே அந்தத் தீவுக்குப் போய் வந்துக்கிட்டிருந்த குடும்பங்க அவங்க. பூங்காதான் அவங்க மேல வந்து உக்காந்துச்சே தவிர, அவங்க பூங்காவுக்குள்ள ஏறிக் குதிக்கல.

சரி, இப்ப எங்க கதைக்கு வாங்க. அன்னைக்கு மத்தியானம் நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? குந்துகால் போனோம். விவேகானந்தர் 1897 ஜனவரியில வந்து இறங்கின இடம். அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகுல கூட்டிட்டுப் போறாங்க. டிக்கெட் வாங்கினோம், ஆரஞ்சுக் கலர்ல லைஃப் ஜாக்கெட் மாட்டினோம், தீவுல நடந்தோம், அலையாத்தி மரத்தைப் பார்த்து "வாவ்" சொன்னோம், செல்ஃபி எடுத்தோம், திரும்பினோம். தப்பே இல்லை. முறைப்படி போனோம், நல்லாத்தான் கூட்டிட்டுப் போனாங்க.

ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. அந்தத் தீவோட ஒரு பாறை பேர் கூடத் தெரியாத பெரம்பலூர்க்காரன் ஆறு பேர் அங்கே விருந்தாளி. அந்தப் பாறை ஒவ்வொண்ணும் கால்ல தழும்பா இருக்கிற அம்மா அங்கே அத்துமீறல். வித்தியாசம் ஒரு டிக்கெட். எங்களால தீவுக்கு ஒரு நன்மையும் கிடையாது. நாங்க போகலன்னா யாரு வீட்லயும் அடுப்பு அணையாது. அவங்க போகலன்னா அணையும்.

இதுக்குப் பேருதான் டென்ஷன் இல்லாத வாழ்க்கை!

இப்ப சுற்றுச்சூழல் ஆர்வலர் நண்பர்கள் சண்டைக்கு வருவீங்க. வாங்க. "பவளப்பாறை சாக வேணாமா? ஆயிரக்கணக்கான பேர் ஏறி மிதிச்சா என்ன ஆகும்? கல்லைப் புரட்டினா பவளம் உடையாதா?" உடையும். அதை நான் மறுக்கல. பவளம் உயிருள்ள பிராணி, ஒரு சாண் வளர வருஷக்கணக்கா ஆகும். காப்பாத்தத்தான் வேணும். ஆனா கணக்குப் பாடம் படிக்கிறவன் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இந்த நஷ்டத்தை யார் பேர்ல எழுதறதுங்கிறது.

21 தீவுல ரெண்டு இப்ப தண்ணிக்கு மேல இல்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி. முங்கிப் போச்சு. அதுக்கு முக்கியக் காரணம் வருஷக்கணக்கா பவளப்பாறையை வெட்டினது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் டன் கணக்குல வெட்டிட்டுப் போனாங்க. (சொன்னேன்ல, சுண்ணாம்பு திரும்ப வரும்னு. எங்க ஊர்க் கடல் செத்துக் கோடிக்கணக்கான வருஷம் கழிச்சுத்தான் வெட்டினோம். அங்கே உயிரோட இருக்கறப்பவே வெட்டினாங்க.) 2001இல்தான் பவளத்தை அட்டவணை ஒண்ணுல சேர்த்தாங்க, புலி, யானை வரிசையில. அந்தப் பாறையெல்லாம் விரல்ல துணி சுத்தின பெண்களோட வலைப் பையிலயா போச்சு?

அடுத்தது. 2000களோட தொடக்கத்துல பெப்ஸி கம்பெனி மண்டபம் பக்கம் கப்பாஃபைகஸ்னு ஒரு வெளிநாட்டுப் பாசியை மிதவை கட்டி வளர்க்க வச்சாங்க. கராஜீனன் எடுக்கிறதுக்கு. ஐஸ்கிரீம்ல இருந்து பற்பசை வரைக்கும் கெட்டியாக்கப் போடற சமாச்சாரம் அது. வேகமா வளரும், நல்ல காசு, அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தோட தொழில்நுட்பம். எல்லாம் சரி. 2008இல் பார்த்தா அதே பாசி குருசடைத் தீவுப் பவளத்து மேல ஏறிப் படர்ந்து மூச்சை அடைக்குதுன்னு விஞ்ஞானிகள் பதிவு பண்ணினாங்க. அதே வருஷம் கம்பெனி அந்தத் தொழிலை வேற கைக்கு மாத்திட்டுப் போயிடுச்சு. பாசி மட்டும் இங்கேயே தங்கிடுச்சு.

அப்புறம் 2010, 2016 கோடைகள்ல கடல் சூடேறி பவளம் கூட்டம் கூட்டமா வெளுத்தது. அந்தச் சூட்டை ஏத்தினது யாரு? வள்ளத்துல போற அம்மாவா, நம்ம ஊர் ஏசியா?

நான் சொல்றது அவங்க ஒரு சேதமும் பண்ணலைன்னு இல்லை. பெரிய கடன்காரன் எல்லாம் கணக்கை முடிச்சுட்டுக் கிளம்பினப்புறம் கடைசியா கையில சிக்கினவங்ககிட்ட மொத்தத்தையும் வசூல் பண்றது நியாயமான்னுதான் கேக்கிறேன்.

இன்னொரு வாதம் இருக்கு, நம்ம பிசினஸ் எகனாமிக்ஸ் புத்தகத்துல இருந்து நேரா இறங்கறது. பொதுச் சொத்தை மக்கள்கிட்ட விட்டா ஆளாளுக்கு அள்ளி அழிச்சிடுவாங்க, அதனால அரசாங்கம் பூட்டணும், இல்லன்னா தனியார்கிட்ட கொடுக்கணும். காரெட் ஹார்டின் 1968இல் எழுதினது. நாமளும் தேர்வுல எழுதி மார்க் வாங்கிட்டோம். ஆனா அதுக்கு மறுப்பு சொன்ன எலினோர் ஆஸ்ட்ரம் அம்மாவுக்கு 2009இல் பொருளாதார நோபல் கொடுத்தாங்களே. அந்தப் பரிசை வாங்கின முதல் பெண் அவங்கதான். சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல் நிலம், ஜப்பான் கிராமத்துக் காடுன்னு ஊர் ஊரா உதாரணம் எடுத்து, அந்தந்த ஊர் மக்கள் தங்களுக்குள்ள விதி போட்டுக்கிட்டு நூத்துக்கணக்கான வருஷமா காப்பாத்தியிருக்காங்கன்னு காட்டினவங்க.

சுவிட்சர்லாந்து வரைக்கும் போவானேன். பாம்பன் தீவுலயே சின்னப்பாலம்னு ஒரு கிராமம். அங்கே லட்சுமி மூர்த்தின்னு பாசி எடுக்கிற ஒரு அம்மா. தடை, பறிமுதல்னு சிக்கல் வந்தப்ப இந்தப் பெண்கள் வீட்ல உக்காந்து அழல. கூட்டம் கூடினாங்க, சங்கமா சேர்ந்தாங்க, தாங்களே விதி போட்டுக்கிட்டாங்க. மாசத்துக்கு 12 நாள் மட்டும்தான் பாசி எடுக்கிறது. மீதி நாள் கடலுக்கு லீவு. அப்பத்தான் திரும்ப வளரும். இதுக்காக 2015இல் லட்சுமி அம்மாவுக்கு சீகாலஜி பரிசு கிடைச்சது. தீவுகளோட சூழலைக் காப்பாத்தறவங்களுக்கு அமெரிக்காவுல இருந்து கொடுக்கிற பரிசு.

கவனிங்க. கலிபோர்னியாக்காரன் அவங்களைக் கடலைக் காப்பாத்தறவங்கன்னு கூப்பிட்டுப் பரிசு கொடுக்கிறான். நம்ம சட்டப் புத்தகத்துல அவங்களுக்கு என்ன பேரு? ஒரு பேரும் இல்லை. காட்டுல தலைமுறையா வாழறவங்களுக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அது ஒழுங்கா நடக்குதாங்கிறது வேற விஷயம், ஆனா "இது எங்க உரிமை"ன்னு ஒரு மனுவாவது பச்சைமலையில இருக்கிறவர் எழுத முடியும். கடலை நம்பி வாழறவங்களுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. அவங்களுக்குக் கிடைக்கிறது சலுகை. இன்னைக்குக் கண்டுக்காம விடறது, நாளைக்குப் பிடிக்கிறது. எந்த நாள் எதுன்னு முன்கூட்டியே தெரியாது. அந்த அம்மா "வம்பு"ன்னு ஒரே வார்த்தையில சொன்னது இதைத்தான்.

2023இல் இதே ராமநாதபுரம் மாவட்டத்துல வலமாவூர்ல 127.71 கோடி ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்க அடிக்கல் நாட்டியிருக்காங்க. பாசிக்கு அவ்வளவு எதிர்காலம் இருக்காம். இருக்கட்டும், சந்தோஷம். பாசியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க, எது மரிக்கொழுந்து, எது கட்டக்கோரை, எது எந்த மாசத்துல முத்தும்னு கைவிரலால படிச்சவங்க, அந்தத் திட்டத்துல கூலிக்காரங்களா மட்டும் இல்லாம இருந்தா இன்னும் சந்தோஷம்.

இப்ப அந்த "நிஜமான பணக்காரங்க" வரிக்கு வரேன்.

மரிக்கொழுந்துப் பாசியில இருந்து அகர் எடுக்கிறாங்க. நாம சைனா கிராஸ்னு சொல்றோமே, நோன்பு திறக்கிறப்ப கலர் கலரா வெட்டி வைப்பாங்களே, அந்தக் கடல்பாசிதான். ஆஸ்பத்திரி லேப்ல கிருமி வளர்க்கிற தட்டுலயும் அதுதான் இருக்கு. கட்டக்கோரையில இருந்து எடுக்கிற ஆல்ஜினேட் துணியில சாயம் அச்சடிக்கப் போகுது. ஆக இது அழகான பொழுதுபோக்கு இல்லை. ஒரு தொழிற்சாலைச் சங்கிலியோட முதல் கண்ணி. மத்த கண்ணியில எல்லாம் மெஷின் இருக்கு, காப்பீடு இருக்கு, தேய்மானம் எழுதறாங்க. மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதற நாம, தண்ணிக்குள்ள முப்பது வருஷம் முங்கின நுரையீரலுக்கும் முட்டிக்கும் எந்தப் பதிவேட்டுல எழுதறோம்? காய வச்ச மூட்டை வியாபாரி வீட்டுத் தராசுல ஏறும். முன்பணம் வாங்கியிருந்தா விலை பேச வாய் வராது. இதை சின்ன வெங்காயம் விளையற ஊர்ல பொறந்தவங்களுக்கு நான் விளக்கணுமா? கமிஷன் மண்டியில நம்ம அப்பாக்கள் மூட்டையைப் போட்டுட்டுக் கை கட்டி நிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவங்கதானே நாம. சென்னையில இருந்து ஒருத்தன் வந்து அப்பாவைப் போட்டோ எடுத்து "மண்ணோட மக்கள், கவலையில்லா வாழ்க்கை"ன்னு போட்டா நாம என்ன பண்ணுவோம்? கல்லெடுத்து அடிக்க மாட்டோம், ஆனா கை துறுதுறுங்கும்.

எங்க ஊர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைச்சப்பவும் இதே கதைதான். "பாரம்பரியம்"னு மாலை போடறதுக்கு ஆள் நிறைய. மரம் என்ன விலை விக்குது, பையன் ஏன் உளியை விட்டுட்டு திருப்பூர் போனான்னு கேக்கிறதுக்கு ஆள் கம்மி. பாரம்பரியம்னு சொல்லிட்டா கூலியைப் பத்திப் பேச வேண்டாம். எளிமைன்னு சொல்லிட்டா வறுமையைப் பத்திப் பேச வேண்டாம். ரொம்ப வசதியான வார்த்தைகள்.

நண்பன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "பாராட்டித்தானேடா எழுதினேன், ஒரு போட்டோவுக்கு இவ்ளோ பேசற"ன்னான். பாராட்டுதான். அதுதான் பிரச்சினையே. திட்டியிருந்தா நாலு பேர் சண்டைக்கு வந்திருப்பாங்க. பாராட்டினதால எல்லாரும் ஹார்ட் போட்டுட்டுப் போயிட்டோம். அதோட அந்தப் படத்துல முகம் தெரியுது, பை தெரியுது, இடத்தோட பேர் இருக்கு. நம்மளுக்கு அது ஞாபகார்த்தம். வேற யாரோ ஒருத்தர் கையில அது சாட்சி. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, "எங்கயும் போட்ராத தம்பி". நம்மகிட்ட அவங்க காசு கேக்கல, டிக்கெட் கேக்கல. அதைக் கூடக் கொடுக்க முடியலன்னா நாம என்ன பெரிய இயற்கை ரசிகர்கள்?

என்னைக் கேட்டா: பூங்கா இருக்கட்டும். எந்தப் பாறை, எந்த மாசம், எத்தனை நாள்னு அந்தப் பெண்களோட உக்காந்து எழுதட்டும். எழுதினதுல அவங்களுக்கு உரிமைன்னு பேர் போட்டுக் கையெழுத்து போடட்டும். மாசம் 12 நாள்னு அவங்க பாதி வேலையை முடிச்சு வச்சிருக்காங்க. மீதிப் பாதிதான் அரசாங்கத்தோடது. சுற்றுலாப் படகும் போகட்டும். ஆனா அந்தத் தீவைச் சுத்திக் காட்டி வர்ற காசுல ஒரு பங்கு யாருக்குப் போகணும்னு பி.காம் முதல் வருஷப் பையனுக்குக் கூடத் தெரியும்.

இதெல்லாம் நம்ம கையில இல்லைன்னு சொல்வீங்க. ஒத்துக்கிறேன். நம்ம கையில இருக்கிறது ஒரு போன்.

மச்சான், நீயும் இதைப் படிப்பேன்னு தெரியும். நேத்து ராத்திரி பார்த்தேன், படம் இன்னும் அங்கேயேதான் இருக்கு. என் லைக்கை எடுத்துட்டேன். நீ படத்தை எடுத்துடு. அந்த ரெண்டு வரியை வேணா வச்சுக்க. அதுக்கு மேல நாம ஆறு பேரும் குருசடையில ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு ஈன்னு பல்லைக் காட்டிட்டு நிக்கிறோமே, அந்தப் படத்தைப் போட்டுடு.